கஸ்தூரியார் வீதி ஒழுங்கையில் தைத்தெடுத்த ரொக்கெட் பரசூட்டுகள்: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கைக்குள், தறப்பாள், வான் இருக்கை உறை, பாடசாலைப் பை, தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் உறை என்று தடித்த துணி வேலைகளையே பிரதானமாகச் செய்துவரும் ஒரு சிறிய தையற்கடை இருக்கிறது. ரொறன்ரோவில் வசிக்கும் என் பெறாமகன் பறக்கவிடும் உயர்வலு மாதிரி ரொக்கெட்டுகளுக்கு வேண்டிய பரசூட்டுகளையும், அவற்றைப் பொதிந்துவைக்கும் தீக்காப்புத் துணியையும், உறைப்பையையும் நான் இந்தக் கடையில்தான் தைப்பித்து அனுப்பி வருகிறேன். பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். தவில் உறை தைக்கும் கடை எது என்று அந்த ஒழுங்கையில் யாரிடம் கேட்டாலும் காட்டிவிடுவார்கள்.

ஒரு பரசூட்டை விரித்துப் பிடித்துப் பார்த்து அது நன்றாக இருக்கிறதென்று முடிவு செய்வது சரியான முறையல்ல என்பதே என் உறுதியான எண்ணம். ரொக்கெட்டுக்குள் இருக்கும் பரசூட் தன் ஆயுளின் பெரும்பகுதியை ஒடுங்கிய குழாய்க்குள் மடிந்த நிலையிலேயே கழிக்கிறது. வெளியே தள்ளப்படும் ஓரிரு செக்கன்களுக்குள் சிக்காமல், எரியாமல், கிழியாமல் விரிந்தாக வேண்டும். ஆகவே தையற்காரரின் வேலையை அது எப்படி மடிகிறது, எப்படிக் குழாயை விட்டு வழுக்கி வருகிறது என்பதைக் கொண்டே மதிப்பிட வேண்டும். இந்தக் கடையை நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பதும் அந்த அளவுகோலின்படிதான்.

உயர்வலு என்ற சொல்லுக்கு இத்துறையில் வரையறுத்த பொருள் உண்டு. மோட்டரின் மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையை எரியும் நேரத்தால் பெருக்கி வரும் அளவு, 160 நியூற்றன் செக்கனைத் தாண்டினால் அது எச் வகுப்பு. அதிலிருந்து ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் மேல் எல்லை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். இத்தகைய மோட்டர்களை வாங்குவதற்கு வட அமெரிக்காவில் ரொக்கெட் சங்கங்களின் தகுதிச் சான்று வேண்டும். அந்தச் சான்றுக்கான பறப்பில் ரொக்கெட் எவ்வளவு அழகாக மேலெழுந்தாலும், பரசூட் விரியாமல் தரையில் குத்தினால் சான்று கிடைக்காது. அது நியாயமான விதி. சில கிலோகிராம் எடையுள்ள ஒரு குழாய் பல நூறு மீற்றர் உயரத்திலிருந்து மூக்கு முன்னாகத் தடையின்றி விழுமானால், கீழே நிற்பவர்களுக்கு அது உயிராபத்து. இலங்கையில் வெடிமருந்து வைத்திருப்பதற்கே அரச அனுமதி தேவைப்படுவதால் பறப்பெல்லாம் அங்கேதான் நடக்கிறது. தையலும், மடிப்பும், மருந்தில்லாமல் செய்யக்கூடிய பரிசோதனைகளும் மட்டுமே இங்கே நடக்கின்றன.

நகரில் வேறு சில தையற்கடைகளிலும் முதலில் விசாரித்தேன். எல்லோரும் விட்டத்தையும் நிறத்தையும் கேட்டார்கள். இந்தக் கடைக்காரர், நான் கொண்டுபோன வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "மாஸ்ரர், தைச்சாப் பிறகு இதை எப்பிடி மடிப்பியள்? முதல்ல ஒரு பழைய துணியில மடிச்சுக் காட்டுங்கோ, பிறகு வெட்டுறன்" என்றார். கடையில் கிடந்த குடைச்சீலை ஒன்றை எடுத்து மடித்துக் காட்டினேன். தையல் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படும் இடத்தில் துணி எத்தனை மடங்கு தடிக்கிறது என்பதை விரல்களால் நசுக்கிப் பார்த்தார். அதன் பிறகே எந்தத் தையலைப் போடுவதென்று தீர்மானித்தார். வேலையை அந்தக் கையில் ஒப்படைக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு அப்போதே வந்துவிட்டது.

நான் கொடுத்த அளவுகளின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ரொக்கெட்டின் எடை, மோட்டர் எரிந்து முடிந்த பின், 3 கிலோகிராம். அது தரையைத் தொடும் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர் அளவில் இருந்தால் சிறகுகள் உடையா. வளைந்த, ஆனால் அரைக்கோளத்தைவிடச் சற்றுத் தட்டையான குடையின் பின்னிழுவைக் குணகத்தை (காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண்ணை) 1.5 என்று கொண்டு கணித்தால் ஏறக்குறைய 1.3 சதுர மீற்றர் பரப்பு வருகிறது. அதற்குரிய விட்டமும் ஏறக்குறைய 1.3 மீற்றர்தான். தட்டையாக வெட்டிய துணிக்குக் குணகம் பாதியளவே என்பதால், அதே வேலையைச் செய்ய 1.8 மீற்றர் விட்டம் வேண்டியிருக்கும். வளைவுக் குடைக்குத் தையற்கூலி கூடுதலாக இருந்தாலும் நான் அதையே கேட்டதற்குக் காரணம், 4 அங்குலக் குழாய்க்குள் இடம் மிகக் குறைவு என்பதுதான். குறைந்த துணி தளர்வாக மடியும். தளர்வாக மடிந்தது தடையின்றி வெளியே வரும்.

துணி ரிப்ஸ்டொப் நைலோன், பெறாமகன் அனுப்பிவைத்தது. குறுக்கும் நெடுக்கும் சற்றுத் தடித்த இழைகள் சிறு சிறு கட்டங்களாக ஓடுவதால், எங்காவது ஒரு கீறல் விழுந்தாலும் அடுத்த கட்டத்தோடு நின்றுவிடும். கடையில் நல்ல குடைச்சீலையும் இருந்தது. மெல்லியது, வழுக்கக்கூடியது, பழகிப் பார்ப்பதற்குப் போதுமானது. ஆனால் கீறினால் விளிம்புவரை ஓடிவிடும் என்பதால் பறக்கும் பரசூட்டுக்கு அதை நான் ஏற்கவில்லை.

குடையின் எட்டுக் கீலங்களை, அதாவது உச்சியிலிருந்து விளிம்புவரை ஓடும் துணித் துண்டுகளை, இணைத்த விதம்தான் இந்தக் கடையின் சிறந்த வேலை. டெனிம் காற்சட்டைக்குப் போடும் மடிப்புத் தையலையே மெல்லிய ஊசியில் போட்டிருக்கிறார். வெட்டு விளிம்பு எதுவும் வெளியே தெரிவதில்லை, எனவே இழை பிரிந்து கயிற்றில் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பில்லை. தையல் அடர்த்தி ஏறக்குறைய 3 மில்லிமீற்றருக்கு ஒரு குத்து. அதைவிட நெருக்கினால் பலம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நெருங்கிய ஊசித் துளைகள் துணியைக் கிழிவதற்கென்றே கோடு போட்டுக் கொடுத்துவிடும். கயிறுகளை விளிம்போடு நிறுத்தாமல், நான்கு முழுநீளக் கயிறுகளைத் தையல் வரிகளின் மேலாகவே குடையின் உச்சிவரை கொண்டுபோய் மறுபக்கம் இறக்கி எட்டாக்கியிருக்கிறார். இதனால் விரியும்போது வரும் இழுவையைக் கயிறே தாங்குகிறது. துணி காற்றைப் பிடித்துக் கொடுத்தால் போதும்.

அந்த இழுவை சாதாரணமானதல்ல. பின்னிழுவை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். செக்கனுக்கு 5 மீற்றரில் 3 கிலோ எடையைத் தாங்கிக்கொண்டு அமைதியாக இறங்கும் இதே பரசூட், பரசூட்டை வெளியே தள்ளும் மருந்து பிந்தி வெடித்து ரொக்கெட் செக்கனுக்கு 30 மீற்றரில் விழுந்துகொண்டிருக்கும்போது சட்டென்று முழுதாக விரிந்தால், அந்தக் கணத்து இழுவை 36 மடங்காகி நூறு கிலோ எடையையும் தாண்டும். எட்டுக் கயிறுகளும் அதைச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்குப் பதின்மூன்று கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இரண்டு கயிறு மட்டும் கட்டையாக இருந்தால் முதலில் அவையே முழுவதையும் வாங்கி அறும்.

முதல் பரசூட்டில் எனக்கு வந்த குறையும் இதுதான். கயிறுகள் ஒன்றுக்கொன்று இரண்டு சென்ரிமீற்றர்வரை வித்தியாசப்பட்டிருந்தன. நைலோன் கயிறு இழுபடக்கூடியது. கடையில் வேலை செய்யும் பையன் அதை மேசையில் தளர்வாகப் போட்டு அளந்து வெட்டியிருக்கிறான். கடைக்காரரிடம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. வடமராட்சிக்காரர், சிறு வயதிலிருந்து பட்டம் கட்டியவர். "முச்சைக் கயிறு ஒரு விரல் பிசகினாலே பட்டம் சரியும், இது எட்டுக் கயிறெல்லோ" என்று சொல்லிவிட்டு, எல்லாக் கயிறுகளையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே எடைக்கல்லைத் தொங்கவிட்டு, இழுபட்ட நிலையில் அளவுக்குறி போட்டு மீண்டும் தைத்தார். இரண்டாவது முறை நான் விற்றராசு கொண்டு இழுத்து அளந்ததில் வித்தியாசம் தெரியவில்லை. அதன் பின் வந்தவை எல்லாம் அப்படியே வந்திருக்கின்றன. மேலதிகக் கூலி கேட்கவில்லை.

உச்சித் துளையையும் சரியாகவே விட்டிருக்கிறார். 1797 இல் பாரிஸில் பலூனிலிருந்து பரசூட்டில் இறங்கிய கார்னெரின் பயங்கரமாக ஊசலாடியபடி தரை சேர்ந்தார். அந்தக் குடையின் உச்சியில் காற்று வெளியேற வழி இருக்கவில்லை. விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குத் துளை விட்டாலும் பரப்பில் இழப்பு நூற்றுக்கு 4 மாத்திரமே. அந்தச் சிறு இழப்புக்குக் கிடைக்கும் உறுதி பெரிது. துளையின் விளிம்பில் நாடா வைத்து இரட்டைத் தையல் போட்டிருப்பது நல்ல வேலை.

தீக்காப்புத் துணியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும்; ஏனென்றால் பரசூட்டைத் தைப்பிக்கும் பலர் இதை ஒரு துண்டுத் துணியாகவே எண்ணிவிடுகிறார்கள். ரொக்கெட் உச்சியை அடையும் நேரத்தில் குழாயின் அடியில் சிறிதளவு கருமருந்து வெடித்து, அந்த வாயுவின் அமுக்கத்தால் முனைக்கூம்பும் பரசூட்டும் வெளியே தள்ளப்படுகின்றன. வாயுவோடு எரிந்துகொண்டிருக்கும் துகள்களும் வரும். நைலோன் 220 முதல் 265 பாகை செல்சியசுக்குள் உருகுவது. ஒரு பொறி பட்டால் துளை விழும் என்பது ஒருபுறமிருக்க, உருகிய மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் குடை விரியவே மாட்டாது. அதனால்தான் உருகாத நோமெக்ஸ் துணியில் பரசூட்டைப் பொதிகிறோம். கடை இதன் விளிம்பை அழகாக மடித்துத் தைத்துத் தந்தது. ஆனால் பயன்படுத்தியது வழமையான பொலியெஸ்ரர் நூல். துணி தாக்குப்பிடித்தாலும் நூல் உருகி விளிம்பு பிரிந்துவிடும். பெறாமகன் அனுப்பிய, வெப்பத்தில் உருகாத கெவ்லார் நூலைக் கொண்டுபோய்க் கொடுத்தபின் திருத்தித் தந்தார்கள். கெவ்லார் நூலை அறுப்பதற்குக் கடையின் கத்தரிக்கோல் பட்ட பாடு பெரிது. அதற்கென்று கூரான ஒரு கத்தரியைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது என்று அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். நோமெக்ஸ் துணியும் கெவ்லார் நூலும் யாழ்ப்பாணக் கடைகளில் நான் கண்டதில்லை. கொண்டுபோய்க் கொடுத்துத்தான் தைப்பிக்க வேண்டும்.

இனி மடிப்பு. கடை பரசூட்டை ஒப்படைக்கும்போது அதை மடித்து, மினுக்கி, பொலித்தீன் உறைக்குள் போட்டுத் தருகிறது. மற்றத் துணிகளுக்கு அது மரியாதையான வழக்கம். ரொக்கெட்டுக்கு அந்த மடிப்பு உதவாது. மினுக்கிய மடிப்பில் துணி கோடாகப் படிந்து, குளிரில் திறக்க மறுக்கும். "மினுக்காமல், சுருட்டாமல், தொங்கவிட்டே தாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொன்னால் கேட்கிறார்கள். மடித்த பரசூட்டை மாதக்கணக்கில் குழாய்க்குள் வைத்திருப்பதும் இதே காரணத்தால் கூடாது. பறக்கவிடும் நாளன்று காலையில், நிதானமாக, ஒருவரே மடிக்க வேண்டும். இருவர் சேர்ந்து பேசிக்கொண்டு மடித்தால் ஒரு வேலை எப்போதும் விட்டுப்போகும்.

நாங்கள் பின்பற்றும் முறை இது. எட்டுக் கயிறுகளும் சேரும் இடத்தை ஓர் ஆணியில் மாட்டி, உச்சியைப் பிடித்துக் குடையை நீளமாக இழுத்துவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு கயிறும் மற்றதைக் கடக்காமல் நேராக ஓடுகிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். எங்காவது ஒரு முறுக்கு இருந்தால் அதை இந்த இடத்திலேயே எடுத்துவிட வேண்டும், பிறகு அதற்கு வழியில்லை. பின் கீலங்களைச் சேலைக் கொய்யகம் பிடிப்பதுபோல ஒவ்வொன்றாக அடுக்கி, நான்கு இப்பக்கம், நான்கு அப்பக்கம் என்று படியவைத்தால் நீண்ட முக்கோணம் ஒன்று கிடைக்கும். கடைக்காரர் தெரிந்தெடுத்த தட்டையான தையலின் பயன் இங்கே தெளிவாகத் தெரிகிறது: எட்டுத் தையல் வரிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடத்திலும் அடுக்கு விரற்கடை அளவுக்கு மேல் தடிக்கவில்லை. முன்னர் வேறிடத்தில் ஆயத்தமாக வாங்கிய ஒரு பரசூட்டில் அதே இடம் கயிற்று முடிச்சுப்போல் திரண்டு நின்று குழாய்ச் சுவரை உரசியது.

அடுத்தது கயிறுகள். இவற்றை மடித்த பரசூட்டின் மேல் வெளியே சுற்றிக் கட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. விரிவதைச் சற்றுத் தாமதிக்கவேண்டுமென்று வேண்டுமென்றே அப்படிச் செய்பவர்களும் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. சுற்றிய கயிறு அவிழ வேண்டுமானால் பொதி முழுதும் காற்றில் உருள வேண்டும். ஒரு சுற்று மற்றதன் அடியில் அகப்பட்டால் குடை கழுத்தில் கட்டுண்டு நின்றுவிடும். கயிறுகளை இடம்வலமாக வளைத்து வளைத்துக் குடையின் மடிப்புக்குள்ளேயே படுக்கவைத்து, அதன்மேல் துணியை மூடி, தளர்வான உருளையாக்குவதே நம்பகமானது. இழுத்தால் ஒவ்வொரு வளைவாக நேராகிக்கொண்டு வரும்.

உருளையின் தளர்வைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 இல் பெர்சிவியரன்ஸ் ஊர்தியைச் செவ்வாயில் இறக்கிய 21.5 மீற்றர்ப் பரசூட்டை இயந்திர அழுத்தத்தால் மரக்கட்டை போன்ற அடர்த்திக்கு இறுக்கியிருந்தார்கள் என்று படித்துவிட்டு, இறுக்கம்தான் நேர்த்தி என்று நினைக்கும் இளைஞர்களைக் கண்டிருக்கிறேன். அந்தப் பொதியை வெளியே எறிவதற்கு ஒரு பீரங்கிப் பொறியே இருந்தது. நம் குழாயில் இருப்பது சிட்டிகைக் கருமருந்து. பொதியைக் குழாய்க்குள் இட்டபின் குழாயைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல உலுக்கினால் அது தானாகவே வழுக்கி விழ வேண்டும். விரலால் இழுத்தெடுக்க வேண்டியிருந்தால் மறுபடி மடிக்க வேண்டும். அதற்கு வேறு மருந்தில்லை, வெடிமருந்தைக் கூட்டுவதும் மருந்தல்ல.

குழாய்க்குள் போகும் ஒழுங்கும் முக்கியம். மருந்துக்கு அண்மையில், குழாயையும் பரசூட்டையும் பிணைக்கும் கெவ்லார் இணைப்புக் கயிறு, சிறு சிறு வளையங்களாக மடித்து, ஒவ்வொரு கட்டையும் மெல்லிய கடதாசி ஒட்டுநாடாவால் சுற்றியது; வெளியேறும்போது நாடாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிந்து வேகத்தைத் தின்றுவிடும். கெவ்லார் இழுபடாத நார் என்பதால் இந்த ஏற்பாடில்லாமல் விட்டால் அதிர்ச்சி முழுவதும் குழாயின் விளிம்பில் இறங்கி அதை நீளவாக்கில் கிழிக்கும். அதன் மேல், மூடிய பக்கம் மருந்தை நோக்கியிருக்கும்படி நோமெக்ஸில் பொதிந்த பரசூட். அதன் மேல் முனைக்கூம்பு. பரசூட்டுக்கும் இணைப்புக் கயிற்றுக்கும் இடையில் ஒரு சுழல்வளையம் வேண்டும். இல்லாவிட்டால் கீழே சுழலும் குழாய் எட்டுக் கயிறுகளையும் ஒரே வடமாக முறுக்கிக் குடையைச் சிறுக்கச் செய்யும். யாழ்ப்பாணத்து மீன்பிடி உபகரணக் கடைகளில் பெரிய தூண்டில்களுக்கு விற்கும் துருப்பிடிக்காத உருக்குச் சுழல்வளையம் இதற்குப் பொருத்தமாக அமைந்தது.

ஒரு கிலோமீற்றரளவு உயரம் போகும் ரொக்கெட்டுகளுக்கு இரண்டு பரசூட்டுகள் வேண்டும். செக்கனுக்கு 6 மீற்றர்க் காற்றில், 1000 மீற்றர் உயரத்திலிருந்து 5 மீற்றர் வேகத்தில் இறங்கினால் 200 செக்கன் பிடிக்கும்; அதற்குள் ரொக்கெட் 1.2 கிலோமீற்றர் அள்ளுண்டு போய்விடும். உச்சியில் சிறிய பரசூட் ஒன்றை மட்டும் விட்டு 25 மீற்றர் வேகத்தில் 200 மீற்றர்வரை விழவைத்து, அங்கே அமுக்க உயரமானியின் கட்டளையில் பெரியதை விரித்தால் மொத்தம் 72 செக்கன். விலகல் 430 மீற்றர் அளவே. ஆனால் பெரிய பரசூட் விழும் வேகத்திலேயே விரிய வேண்டியிருப்பதால் இங்கேதான் உறைப்பை தேவைப்படுகிறது. உறைப்பையின் வெளிப்புற மீள்நாடா வளையங்களில் கயிறுகளைச் செருகி, குடையை உள்ளே வைத்தால், முதலில் கயிறு முழுதாக நீண்டு இறுகும். அதன் பிறகே பை கழன்று குடை காற்றைக் காணும். அதிர்ச்சி வெகுவாகக் குறையும்.

இந்த உறைப்பையில் கடையின் அனுபவம் பளிச்சென்று தெரிந்தது. தவில் உறையும் உள்ளே இருப்பதை உரசாமல் கழன்று வர வேண்டிய பொருள்தானே. பையின் வாயைச் சற்று அகலமாகவும் அடியைச் சற்றுக் குறுகலாகவும் வெட்டியது கடைக்காரரின் யோசனை. என் வரைபடத்தில் அது நேரான உருளை. அவருடைய வெட்டே சிறந்தது. உட்புறத் தையலோரங்களை வெளியே திருப்பி வைத்ததும் அவர்தான். மீள்நாடா வளையங்கள் மட்டும் கொஞ்சம் இறுக்கம். இரண்டு மடங்கு கயிறு எளிதாக வழுக்கும் அளவுக்குத் தளர்த்தித் தரும்படி அடுத்த முறை கேட்டுப் பெற்றேன். உறைப்பை வேண்டாதவர்கள், ஜொலி லொஜிக் நிறுவனத்தின் சூட் ரிலீஸ் என்ற சிறு கருவியைப் பயன்படுத்துவதுண்டு; அது மடித்த பரசூட்டை இறப்பர் பட்டியால் கட்டிவைத்து, முன்கூட்டி அமைத்த உயரத்தில் அவிழ்த்துவிடும். அதற்கும் தளர்வான, சீரான உருளைதான் வேண்டும்.

இங்கே செய்யக்கூடிய பரிசோதனைகளில் எனக்கு மிகப் பயன்பட்டது பட்டம். தைப்பொங்கலை அண்டிய வாடைக்காற்றில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏற்றும் பெரிய பட்டங்களுக்கு ஒரு கிலோ சுமை பொருட்டல்ல. கடைக்காரரின் உறவினர் ஒருவர் ஏற்றிய பட்டத்தின் கொடியில், மணற்பையும் மடித்த பரசூட்டும் அடங்கிய மெல்லிய குழாயைத் தொங்கவிட்டு, இன்னொரு நூலால் கொக்கியைக் கழற்றினோம். மணற்பை முன்னால் விழுந்து கயிற்றை இழுக்க, வளைவுகள் ஒவ்வொன்றாக நேராகி, குடை கசங்கிய துணியாகச் சற்று நீண்டு, விளிம்பில் காற்று புகுந்து, அடியிலிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் உருண்டு திரண்டது. அந்த ஒழுங்கைக் கண்ணால் பார்த்ததும், மடிப்பில் எந்த இடம் தாமதிக்கிறது என்பது விளங்கியது. இதில் வேகம் குறைவு என்பதால் அதிர்ச்சியைச் சோதிக்க முடியாது, சிக்கலைச் சோதிக்கலாம். சிக்கல்தான் பெரும்பாலான பரசூட்டுகளைக் கெடுப்பது.

ரொறன்ரோவில் இந்தப் பரசூட்டுகள் கோடையிலும் உறைபனிக் காலத்திலும் பறந்திருக்கின்றன. தையல் எங்கும் விடவில்லை, கயிறு எதுவும் அறவில்லை என்பதைப் பெறாமகன் ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் படம் எடுத்து அனுப்புவான். குளிர்நாட்களில் துணி விறைப்பதைக் குறைக்க மெல்லிய முகப்பூச்சுத் தூளை மடிப்புகளுக்கிடையில் தூவுகிறான்.

சேவையில் எனக்கிருக்கும் முறைப்பாடு காலந்தான். பாடசாலைகள் தொடங்கும் காலத்தில் புத்தகப் பைகளும், கோயில் திருவிழாக் காலத்தில் வாத்திய உறைகளும் குவிந்துவிடும். அப்போது கொடுத்த வேலை சொன்ன திகதிக்குக் கிடைப்பதில்லை, தொலைபேசியில் கேட்டால் "நாளைக்கு" என்ற பதில்தான் வரும். நேரில் போய் உட்கார்ந்தால் முடிகிறது. இன்னொன்று, துணியில் அளவுக்குறி போடக் குமிழ்முனைப் பேனாவைப் பயன்படுத்துகிறார்கள். சுண்ணக்கட்டி போதும் என்று வற்புறுத்திச் சொல்ல வேண்டும். பரசூட் துணியில் குண்டூசி குத்தவும் விடக்கூடாது. கூலி, ஒரு நல்ல பள்ளிப் பைக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு. வெளிநாட்டில் ஆயத்தப் பரசூட்டுக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால், தபாற்செலவு சேர்த்தும், தெளிவாகக் குறைவு. பற்றுச்சீட்டு கேட்டால் தருகிறார்கள்.

போக எண்ணுபவர்கள், விட்டத்தை மட்டும் எழுதிய தாளோடு போகாமல், தங்கள் ரொக்கெட் குழாயிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டையும், பயன்படுத்தப்போகும் இணைப்புக் கயிற்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் தைத்ததை அந்தத் துண்டுக்குள் மடித்து வைத்து, தலைகீழாக்கி உலுக்கிப் பார்த்துத்தான் கையில் தருவார். அப்படிச் செய்யாமல் தந்தால், அங்கேயே செய்து காட்டும்படி கேளுங்கள். மனம் கோணாமல் செய்வார்.